சப்போர்ட் சீட்டிலிருந்து ப்ராடக்ட் சீட்டுக்கு

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறீர்கள், அல்லது படித்து முடித்துவிட்டீர்கள். சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருக்கும் எச்.ஆருக்கு உங்கள் கல்லூரிப் பெயர் தெரியாது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளே நானூறுக்கு மேல் இருக்கின்றன. அத்தனை பெயரையும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. விண்ணப்பம் நிறைய, நேரம் குறைவு. தெரிந்த பெயரை எடுத்துத் தனியே வைப்பார், மற்றதைத் தள்ளிவிடுவார். அவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வீர்கள். ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு இந்த வரிசையில் நின்று உள்ளே போக முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வேறு வரிசை இருக்கிறது. அதில் கூட்டம் குறைவு.

வேலை என்ன என்று தெரியாமலே பலர் ஆசைப்படுகிறார்கள். எதைக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது, எதை முதலில் கட்டுவது, எதைக் கட்டவே கூடாது: இந்த நான்கு முடிவுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ப்ராடக்ட் மேனேஜர். கோடு எழுதுவது டெவலப்பர், ஸ்கிரீன் வரைவது டிசைனர், விற்பது சேல்ஸ். இவர்கள் யாருக்கும் நீங்கள் பாஸ் இல்லை. ஆனால் ப்ராடக்ட் ஓடவில்லை என்றால் கேள்வி உங்களிடம் வரும். இந்த வேலையின் வேர் சாஃப்ட்வேரில் இல்லை, சோப்பில் இருக்கிறது. 1931 மே மாதம் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் மேலிடத்துக்கு ஒரு மெமோ எழுதினார். ஒவ்வொரு சோப்புக்கும் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும். எந்த ஊரில் விற்பனை மந்தமோ அந்த ஊருக்கே போய் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊருக்குப் போய்ப் பார்க்கிற அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் இந்த வேலையின் பாதி.

கூகுள் 2002-ல் அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, கல்லூரியிலிருந்து நேராக இந்த வேலைக்கு வர முடியும் என்ற நினைப்பு பரவியது. நம் நாட்டில் அந்த நேர்வழி பெரும்பாலும் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., பிட்ஸ் பிள்ளைகளுக்கு. மற்றவர்கள் உள்ளே போய் நகர்ந்து வர வேண்டும். நகர்ந்து வந்தவர்களில் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் கிரீஷ் மாத்ருபூதம்.

திருச்சிக்காரர். தஞ்சாவூர் சண்முகா பொறியியல் கல்லூரியில் படித்தார். இன்றைய சாஸ்த்ரா அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தார். 2001-ல் அட்வென்ட்நெட்டில், அதாவது இன்றைய ஸோஹோவில், ப்ரீ-சேல்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தார். அங்கேயே ப்ராடக்ட் மேனேஜர் ஆனார், பிறகு ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் வைஸ் பிரசிடென்ட் ஆனார். 2010-ல் வெளியே வந்து ஷான் கிருஷ்ணசாமியோடு ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அந்தக் கம்பெனி நாஸ்டாக்கில் பட்டியலானது.

நாஸ்டாக் மணியடித்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 2001-ல் அவர் உட்கார்ந்த நாற்காலி. ப்ரீ-சேல்ஸ் என்றால் வாங்க வந்தவருக்கு டெமோ காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி, ஏன் வாங்க மாட்டேன் என்கிறார் என்பதை நேரில் கேட்கிற வேலை. தினமும் அதைக் கேட்கிறவருக்கு எந்த ஃபீச்சர் பணம் கொண்டுவரும், எது வெறும் அலங்காரம் என்பது மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவிடும். இன்னொன்று: ஃப்ரெஷ்டெஸ்க் யோசனைக்குத் தூண்டுதலாக அவர் சொல்வது, அதே மாதிரி சாஃப்ட்வேர் விற்ற ஸென்டெஸ்க் விலையை ஏற்றியபோது வாடிக்கையாளர்கள் கொதித்துப்போன செய்தியும், அதன் கீழே ஹேக்கர் நியூஸ் தளத்தில் ஒருவர் எழுதிய குறிப்பும். போட்டியாளரின் வாடிக்கையாளர் எங்கே புலம்புகிறார் என்று படிப்பது அவருக்குப் பழக்கமாக இருந்தது. உங்களுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை.

1. கம்பெனியை முதலில் தேர்ந்தெடுங்கள், பதவியை அப்புறம் பார்க்கலாம். சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்கிற கம்பெனிக்குள் போவதுதான் முதல் இலக்கு. சென்னையில் ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ. கோவையில் கோவை டாட் கோ. கிஸ்ஃப்ளோவை நிறுவிய சுரேஷ் சம்பந்தம் நம் கடலூர்க்காரர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸோஹோ 2005-லிருந்தே ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தன் பள்ளியில் பயிற்றுவித்து வேலையும் கொடுக்கிறது. பட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிற கம்பெனிகள் இருக்கின்றன என்பதற்கு அது போதுமான சாட்சி. விருத்தாசலம் செராமிக் இன்ஸ்டிட்யூட்டில் டிப்ளமோ படிக்கிறவரும் இதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் கம்பெனி சம்பளத்துக்கு நல்லது, இந்த வழிக்கு நல்லதில்லை. அங்கே என்ன கட்டுவது என்ற முடிவை வேறு நாட்டில் இருக்கும் கிளையன்ட் எடுத்துவிட்டார். நீங்கள் கட்டி மட்டும் கொடுப்பீர்கள். வேறு வழியில்லாமல் அங்கே சேர்ந்தால் சேருங்கள், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

2. எந்த நாற்காலியைக் கேட்பது? என் வரிசை இது: டெக்னிக்கல் சப்போர்ட், ப்ரீ-சேல்ஸ், இம்ப்ளிமென்டேஷன், அதற்குப் பிறகு டெஸ்டிங். சப்போர்ட் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நைட் ஷிஃப்ட் இருக்கும், அமெரிக்கக் கஸ்டமர் கத்துவார், உங்களோடு படித்தவர் டெவலப்பர் என்று லிங்க்ட்இன்னில் போட்டுக்கொள்வார். ஆனால் ப்ராடக்ட் எங்கே உடைகிறது என்ற தகவல் கம்பெனியில் முதலில் வந்து விழும் இடம் அதுதான். அந்தத் தகவலை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவருக்கு மதிப்பு ஏறும். சின்ன ஸ்டார்ட்-அப் ஒன்று அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் என்று கார்டு அடித்துக் கொடுத்து, கையில் பத்து வாடிக்கையாளர்கூட இல்லாமல் இருந்தால், அந்தப் பதவியைவிட ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள கம்பெனியின் சப்போர்ட் சீட் மேல்.

3. இன்டர்வியூவுக்குப் போகும்போது கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இங்கேதான் விருத்தாசலம் உங்களுக்கு உதவும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ப்ராடக்ட் வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி கேஸ் ஸ்டடி கொண்டுவருகிறார்கள். ஸ்பாட்டிஃபையை மாற்றி வடிவமைத்தேன், ஸ்விக்கியில் ஒரு ஃபீச்சர் சேர்த்தேன். அந்தக் கம்பெனிக்குள் நடப்பது எதுவும் இவர்களுக்குத் தெரியாது. தாங்கள் சொன்னதை யாரிடமும் சோதித்துப் பார்த்ததும் இல்லை. கேட்டுக் கேட்டு இன்டர்வியூ செய்கிறவருக்குச் சலித்துவிட்டது. உங்கள் ஊரிலோ நிஜமான தொழில் இருக்கிறது. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த செராமிக் பட்டறைகள் இருக்கின்றன. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர், பொம்மை, அகல் விளக்கு எல்லாம் இங்கிருந்து போகின்றன. பெங்களூரில் ஸ்டார்ட்-அப் நடத்துகிறவருக்குக் கிடைக்காத ஆராய்ச்சிக் களம் உங்களுக்கு பஸ் டிக்கெட் தூரத்தில் கிடைக்கிறது.

ஒரு பட்டறைக்குப் போங்கள். "அண்ணே, காலேஜ் ப்ராஜெக்டுக்காக ரெண்டு மூணு நாள் இங்க உக்காந்து பாக்கலாமா? வேலைக்கு இடைஞ்சல் பண்ண மாட்டேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முதல் நாள் வாயைத் திறக்காதீர்கள், பாருங்கள். களிமண் குழம்பை (ஸ்லிப்) எப்படிக் கலக்குகிறார்கள், பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எவ்வளவு நேரம் விடுகிறார்கள், எங்கே காய வைக்கிறார்கள், மழை நாளில் காய்வது எவ்வளவு தள்ளிப்போகிறது, சூளையில் யார் அடுக்குகிறார், கிளேஸ் எப்போது பூசுகிறார்கள், எத்தனை உருப்படி விரிசல் விட்டு ஒதுக்கப்படுகிறது. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். அதனால் அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். இப்படி ஒரு விவரம் தெரிந்தவர் பேசுவதற்கும் கூகுளில் படித்தவர் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போவதற்கு முன்பே உங்கள் மனதில் ஒரு தீர்வு இருக்கும். விருத்தாசலம் பொம்மைகளை ஆன்லைனில் விற்க ஓர் ஆப். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பட்டறைக்காரரிடம் ஆப் வேண்டுமா என்று கேட்டால் மரியாதைக்கு வேண்டும் என்பார். கடைசியாக எப்போது நஷ்டம் வந்தது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும். கூரியரில் உடைந்த சரக்குக்கு யார் பொறுப்பு என்ற தகராறு வரும். கொலு பொம்மைக்கும் கார்த்திகை விளக்குக்கும் பல மாதம் முன்பே உற்பத்தியைத் தொடங்கி, பணத்தைச் சரக்கில் முடக்கிவிட்டு சீசனுக்குக் காத்திருக்கிற கதை வரும். ஆர்டர் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வந்து, அட்வான்ஸ் ஜிபேயில் வந்து, அளவும் நிறமும் ஒரு நோட்டில் எழுதப்பட்டு, டெலிவரி அன்றைக்கு மூன்றும் ஒத்துப்போகாமல் போன கதையும் வரலாம். சூளை பாதி காலியாக எரிந்தாலும் எரிபொருள் அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே எந்த ஆர்டரை எந்தச் சூட்டில் சேர்ப்பது என்பதே பெரிய தலைவலியாக இருக்கக்கூடும்.

கேட்ட எல்லாவற்றிலிருந்தும் ஒரே ஒரு வலியை எடுங்கள். எது அடிக்கடி வருகிறதோ, எதற்காக அவர் பணம் இழக்கிறாரோ அது. மிகச் சிறிய தீர்வு ஒன்றைச் செய்யுங்கள். சூளை அடுக்கும் திட்டம் என்றால் ஒரு கூகுள் ஷீட் போதும்: ஆர்டர், எண்ணிக்கை, தேதி, எந்தச் சூட்டில் போகிறது. ஆப் கட்டாதீர்கள். ஒரே ஒரு பட்டறையில் ஒரு சீசன் ஓட்டுங்கள். தொடங்குமுன் தாமதமான ஆர்டர் எத்தனை, பிறகு எத்தனை என்று எழுதிவையுங்கள். அவர் இரண்டாவது வாரமே ஷீட்டைத் திறப்பதை நிறுத்திவிட்டால், ஏன் நிறுத்தினார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். தோற்ற சோதனையை நேர்மையாக விளக்குகிறவரை நல்ல இன்டர்வியூயர் விடமாட்டார்.

கடைசியில் இரண்டு பக்கம் எழுதுங்கள். யாருக்கு என்ன வலி, இப்போது எப்படிச் சமாளிக்கிறார், நாம் என்ன செய்தோம், எதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டோம், எப்படி அளந்தோம், அடுத்து என்ன. எதைச் செய்யாமல் விட்டோம் என்ற பத்தி கட்டாயம். ஃப்ரெஷர்கள் அதை எழுதுவதே இல்லை. பட்டறைக்காரரின் பெயரையும் கணக்கையும் அவர் அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

4. கருவிகள். எஸ்.க்யூ.எல். தெரியாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். ஜாயின், குரூப் பை வரைக்கும் கை பழக வேண்டும். ஷீட்டில் பிவட் டேபிள். ஃபிக்மாவில் அழகில்லாத, ஆனால் தெளிவான ஸ்கிரீன் வரைதல். ஓர் ஏ.பி.ஐ. ஆவணத்தைப் படித்து போஸ்ட்மேனில் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்தல். ஏ.ஐ. கருவிகளால் இன்றைக்கு ஒரு மாலைக்குள் ப்ரோட்டோடைப் செய்யலாம், செய்யுங்கள். ஆனால் எல்லோருக்கும் அது கிடைப்பதால் உங்களுக்கு அதில் தனி மதிப்பெண் கிடையாது. எதைச் செய்வது என்ற தேர்வுக்குத்தான் மதிப்பெண். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளைக் கல்லூரியிலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள். சர்டிபிகேட் சேர்ப்பதில் போட்டி போடாதீர்கள், இரண்டு போதும்.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் ப்ராடக்ட் மேனேஜர் ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் என்ற சொல்லுக்கு வேலை என்று பொருள் இல்லை. எம்.பி.ஏ. பற்றிக் கேட்பவர்களுக்கு: கேட் (CAT) எழுதி ஐ.ஐ.எம். கிடைத்தால் தாராளமாகப் போங்கள். கடன் வாங்கி, பெயர் தெரியாத இன்னொரு கல்லூரியில் சேர்வதாக இருந்தால் அந்தப் பணத்தை அப்பாவிடமே விட்டுவையுங்கள்.

5. ஆங்கிலம். பேச்சைவிட எழுத்து முக்கியம். ப்ராடக்ட் மேனேஜரின் நாளில் பாதி எழுத்தில்தான் போகிறது. உச்சரிப்பில் நம் ஊர் வாடை இருந்தால் யாரும் வேலையை மறுக்கப் போவதில்லை. ஒரு வாக்கியத்தில் மூன்று விஷயத்தைத் திணித்துக் குழப்பினால் மறுப்பார்கள். தினமும் நீங்கள் பயன்படுத்திய ஏதாவது ஒரு ஆப்பைப் பற்றி நூறு சொல் எழுதுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் தட்கல் எடுத்தபோது எங்கே தடுமாறினீர்கள், ஏன், எப்படி மாற்றலாம். சின்ன வாக்கியம், நேரான வினைச்சொல். ஆறு மாதம் விடாமல் எழுதினால் உங்கள் மெயிலே வேறு மாதிரி இருக்கும்.

6. ரெஸ்யூமே ஒரு பக்கம். கல்லூரிப் பெயரை மறைக்கக் கூடாது, பொய்யும் கூடாது. ஆனால் அது கீழே இருக்கட்டும். மேலே பட்டறையில் செய்த வேலை, அதன் விளைவு, எண்ணிக்கையோடு. ஹார்ட் வொர்க்கிங், டீம் ப்ளேயர் போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாக வைத்த மெயில் ஐடியை மாற்றுங்கள்.

போர்ட்டலில் மட்டும் அப்ளை செய்து காத்திருப்பவர் தோற்பார். ரெஃபரல் வேண்டும். உங்கள் கல்லூரி சீனியர் யாராவது அந்தக் கம்பெனியில் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடியுங்கள். யாரும் இல்லையென்றால், அந்தக் கம்பெனியின் ப்ராடக்டை இலவச ட்ரயலில் ஒரு வாரம் நிஜமாகவே பயன்படுத்துங்கள். தடுமாறிய மூன்று இடங்களை ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு பக்கத்தில் எழுதி, அந்த டீமின் ப்ராடக்ட் மேனேஜருக்கு அனுப்புங்கள். வேலை வேண்டும் என்று முதல் மெசேஜிலேயே கேட்காதீர்கள். "சார், வழிகாட்டுங்கள்" என்று ஒற்றை வரி அனுப்புகிறவருக்கு யாரும் பதில் போடுவதில்லை. தங்கள் ப்ராடக்டைப் பற்றி உருப்படியாக எழுதியவருக்குப் பதில் போடுவார்கள். பதில் வந்த பிறகு கேளுங்கள்.

7. இன்டர்வியூவில் தோராயக் கணக்கு ஒன்று கேட்பார்கள். சரியான விடையை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை, நீங்கள் பிரித்து யோசிப்பதைப் பார்க்கிறார்கள். பயிற்சிக்கு ஒன்று: விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்? விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு திசை ரயில் வருகிற ஸ்டேஷன் அது. நிற்கும் ரயில் எத்தனை, எத்தனை நிமிடம் நிற்கிறது, அதில் எத்தனை பேர் இறங்க முடியும், காலை எவ்வளவு நள்ளிரவு எவ்வளவு, கனெக்ஷன் ரயிலுக்காகக் காத்திருப்பவர் எத்தனை. அனுமானத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். எந்த அனுமானம் தப்பானால் விடை அதிகமாக மாறும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களைப் பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து பிரிக்கும்.

8. முதல் இரண்டு வருடம் சென்னையில் இருங்கள். விழுப்புரம் மாவட்டத்திலேயே 2024-ல் மினி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ப்ராடக்ட் டீம் உட்காரும் கட்டிடத்தில் நீங்களும் உட்கார வேண்டும். கான்டீனில் காதில் விழுவது மெயிலில் வராது. காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எழும்பூர். வீட்டை விட்டு அப்படியொன்றும் தூரமில்லை.

9. உள்ளே போன பிறகு நகர்வது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு. உங்கள் சப்போர்ட் மேனேஜருக்கு நீங்கள் நகர்வதில் லாபம் எதுவும் இல்லை. நல்ல ஆளை இழக்க அவர் விரும்ப மாட்டார். எனவே முதல் ஆறு மாதம் உங்கள் டார்கெட்டை முழுசாக அடியுங்கள், பேசுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். கூடவே ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உங்கள் சொந்த ஷீட்டில் ஒரு காரணக் குறிப்பு போடுங்கள். வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் எடுத்து வைக்காதீர்கள், காரணம் மட்டும் போதும். மாதக் கடைசியில் ஒரு பக்கம்: எந்தப் பிரச்சினை அதிகம் வந்தது, அதன் வேர் எங்கே, எந்தச் சின்ன மாற்றம் செய்தால் எத்தனை டிக்கெட் குறையும். அதை ப்ராடக்ட் மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள், உங்கள் மேனேஜரை சி.சி.யில் வையுங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த யோசனை அடுத்த மீட்டிங்கில் இன்னொருவர் வாயிலிருந்து வரும். மெயிலில் கொடுத்தது தேதியோடு உங்கள் பெயரில் நிற்கும். இதை அல்பத்தனம் என்று நினைக்க வேண்டாம், உங்கள் உழைப்புக்கு ரசீது வாங்குகிறீர்கள்.

நான்கைந்து மாதம் இப்படிப் போனால், ப்ராடக்ட் மேனேஜர் உங்களைத் தேடி வருவார். அவருக்கும் சுயநலம் உண்டு. ரோட்மேப் மீட்டிங்கில் காட்ட அவருக்கு ஆதாரம் வேண்டும். ரிலீஸ் நோட் எழுத, பீட்டா வாடிக்கையாளரிடம் பேச, போட்டி ப்ராடக்டை ஒப்பிட்டு எழுத என்று அவருக்குப் பிடிக்காத சின்ன வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். பதினெட்டு மாதம் ஆனதும் இன்டர்னல் டிரான்ஸ்ஃபரை எழுத்தில் கேளுங்கள். ஆதாரமாக அந்த மாதக் குறிப்புகளையும், அவற்றால் நடந்த மாற்றங்களையும் வையுங்கள்.

இரண்டு அப்ரைசலில் கேட்டும் கைவிரித்தால் மூன்றாவதுக்குக் காத்திருக்காதீர்கள். சப்போர்ட்டில் நல்ல பெயர் எடுத்தவரை அங்கேயே வைத்துக்கொள்ளத்தான் கம்பெனிக்குத் தோன்றும். அப்போது உங்கள் கையில் ப்ராடக்ட் அனுபவம் இருக்கும், வாடிக்கையாளர் அறிவு இருக்கும், எழுதிய குறிப்புகளின் பலன் எண்ணிக்கையாக ரெஸ்யூமேயில் இருக்கும். அதே துறையில் போட்டி போடும் இன்னொரு கம்பெனிக்கு நேராக அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் பதவிக்கே அப்ளை செய்யுங்கள். பழைய கம்பெனியின் உள் தகவல் எதையும் எடுத்துப் போகாதீர்கள், நோட்டீஸ் பீரியடை முழுதாக முடித்துக் கொடுங்கள். அங்கே உங்களை இன்டர்வியூ செய்கிறவர் எந்தக் கல்லூரி என்று கேட்க மாட்டார்; எந்தப் பிரச்சினையைத் தீர்த்தீர்கள் என்றுதான் கேட்பார்.